கண்மாய்க்கு அங்கிட்டு

மார்ச் 12, வியாழன்

இன்று வேதியியல் செய்முறைத் தேர்வு. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்க, பக்கத்து நாற்காலியில் உள்தேர்வாளராக நான் உட்கார்ந்திருந்தேன். என் மாணவி கனகா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தூரும்மா?"

சொன்னாள்.

"ஊருக்குள்ளயா, கண்மாய்க்கு அங்கிட்டா?"

சாதியை நேராகக் கேட்டால் அசிங்கமாம். அதனால் இப்படி. கனகா தலை குனியவில்லை.

"கண்மாய்க்கு அங்கிட்டு சார்."

பத்துக்கு ஐந்து போட்டார். அவளுக்கு முன்னால் வந்து, உப்பின் பெயரே தெரியாமல் விழித்தவனுக்கு ஒன்பது போட்டிருந்தார்.

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு எந்தூரு?"

கனகா இன்னும் அங்கேயேதான் நின்றாள்.

"ஒத்தக்கடைதான் சார்" என்றேன். ஒத்தக்கடைக்கு நான் வாடகைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கண்மாய்க்கு அங்கிட்டு, கனகா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, என் அம்மா இன்னும் இருக்கிறாள்.

சாயங்காலம் மதிப்பெண் தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் கனகா. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். மூன்று வருடமாகக் கல்லூரியில் என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவள், இன்று பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அத்தே."