தேனீயின் நெற்றியில் மஞ்சள் கொம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

மாடியில் இருக்கும் நம் தேன்பெட்டிகளுக்கு ஏதோ வந்துவிட்டதென்று போன வாரம் பயந்து போனோம். வெளியே போய்த் திரும்புகிற தேனீக்களின் நெற்றியில் கடுகில் பாதியளவுக்கு இரண்டு மஞ்சள் கொம்பு, காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கின்றன, போகவில்லை. உன் அப்பாவைத்தான் தெரியுமே, தும்மினாலே ஆஸ்பத்திரி என்பவர். இது பூஞ்சை நோய், பெட்டியோடு கொளுத்த வேண்டியதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டாரா, பின்தெருவில் தேனீ வளர்க்கும் பஸ் டிரைவர் அண்ணனிடமும் போய்ச் சொன்னார். அங்கேயும் அதே கொம்பு. பாவம், அந்த மனுஷன் நேற்று சாயங்காலமே தன் பெட்டி அத்தனையையும் கொளுத்திவிட்டார். புகை நம் சமையலறை வரை வந்தது, எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நம்முடையதைக் கொளுத்த மனசு வராமல் இன்று காலை எதிரே இருக்கும் செடி நர்சரிப் பக்கம் போனேன். புதிதாக இறக்கியிருக்கும் ஆர்க்கிட் பூ ஒன்றுக்குள் வெறும் நெற்றியோடு நுழைந்த தேனீ கொம்போடு வெளியே வந்தது. பக்கத்துப் பூவில் ஒரு பென்சிலை விட்டு எடுத்தேன், அதே கொம்பு பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் சாய்ந்தது. நர்சரிக்காரப் பெண் சிரிக்கிறாள், அது மகரந்தம்தாங்க்கா, இந்தப் பூவுல தூளா இருக்காது, காம்போட உருண்டையா இருக்கும், அடுத்த பூவுல சரியாப் போய் ஒட்டத்தான் அப்படிக் குனியுது என்று. நோயும் இல்லை, ஒன்றும் இல்லை.

உடனே வீட்டுக்கு ஓடி வந்தேன் பாப்பா. அப்பாவிடம் சொன்னேன், கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, யார்கிட்டயும் சொல்லாதே என்கிறார். நம் பெட்டிகள் மட்டும் முழுசாக நிற்பது அந்த அண்ணன் கண்ணில் படாதா? எந்த முகத்தோடு சொல்வது? நீயாவது அங்கே யார் எதைச் சொன்னாலும், உன் அப்பாவே சொன்னாலும், ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு நம்பு. போன தடவை போனில் இருமினாயே, அதையும் அலட்சியம் செய்யாதே.

இதோ, ஜன்னலுக்கு வெளியே டிரைவர் அண்ணன் வருகிறார், கையில் மண்ணெண்ணெய் கேன். நீங்க ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க, நானே வந்து கொளுத்தித் தர்றேன் என்று நேற்றே சொல்லியிருந்தார். கதவைத் தட்டுகிறார். அப்பா அசையவே இல்லை.

நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, முதலில் அப்பாவிடம் பேசு. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.

உன் அம்மா