உள்ளே யார் இருக்கிறார்கள்?

மயிலாப்பூர்,
ஆகஸ்ட் 1931.

கண்ணியத்துக்குரிய அண்ணன் மெஹபூப் அலி அவர்களுக்குத் தங்கை வஜீஹா சலாம் சொல்லி எழுதுவது.

மேலே மரியாதைக்கு ஒரு 'அவர்களுக்கு' போட்டாயிற்று. இனி நீ, நான்தான். 'இங்கு யாவரும் சுகம்' என்று ஆரம்பித்தால்தான் அது கடிதம் என்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது நீதானே சொன்னாய்? யாவரும் சுகம். இப்போது உண்மையை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இருமல் விடவில்லை. ஆடு உன் பழைய பெல்ட்டைத் தின்றுவிட்டது. சர்க்கார் சொத்தைத் தின்றதற்கு அதையும் விசாரணைக்குக் கூட்டிப் போவார்களோ என்றேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இப்போது நம் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. விசாரணை அவர்களுக்கு, விசாரம் நமக்கு.

நாலு வருஷமாக டிரில் பழகிய போலீஸ்காரன் உன்னை மறுபடியும் டிரில் பழக வேலூருக்கு அனுப்பியது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. வேலூருக்குப் போனானா, வேலை போகாமலிருக்கப் போனானா என்று தெருவில் கேட்கிறார்கள். சரி, தெருவில் இல்லை, நான்தான் கேட்கிறேன்.

சர்தார் மாமா விஷயத்தில் உனக்குத் தெரிந்ததை நான் எழுதுவது வீண். ஆனால் வெளியே என்ன பேச்சு என்பது உனக்குத் தெரிந்திருக்காது. சப்-இன்ஸ்பெக்டர் வீட்டம்மாவை மாம்பலத்தில் கொண்டுபோய் விட ஜட்கா கேட்டார்களாம். "குதிரைக்குக் கால் சரியில்ல சாமி, இன்னிக்கு வண்டி கட்ட முடியாது" என்று மாமா சொன்னாராம். "ஸ்டேஷனுக்கே இல்லேன்றியா?" என்று வியாழக்கிழமை சாயங்காலம் பனைமரத்து ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலை மையித்தாகத் திருப்பிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தாராம். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். மாமா குடிக்க மாட்டார், அதை விடு. குதிரை கொட்டிலில் நொண்டிக்கொண்டு நிற்கிறது. குதிரை பூட்டாத வண்டியிலிருந்து விழுந்து சாகத் தனித் திறமை வேண்டும்.

பள்ளிவாசல் இமாம் ஆயிற்றே, அத்தாதான் மையித்தைக் குளிப்பாட்டினார். பாங்கு சொல்லும் மோதினாரும் ஜைதூன் மாமியின் தம்பியும் தண்ணீர் ஊற்றினார்கள். குளிப்பாட்டுகிறவர் கண்ணில் பட்டதை வெளியே சொல்லக் கூடாது, அது இறந்தவர் நம்பி விட்டுப்போன அமானத் என்று உனக்கும் தெரியும். கட்டின மனைவி ஜைதூன் மாமிக்குக்கூடக் கஃபன் துணி சுற்றிய பிறகு முகத்தை மட்டுந்தான் திறந்து காட்டினார்கள். அத்தா எதுவும் சொல்லவில்லை. ஆனால் தொழுகைக்கு முன் ஒளு செய்ய உட்கார்ந்தால் காலைக் கழுவி முடிப்பதில்லை. உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். "இப்படித் தேச்சிக்கினே இருந்தா கால் கரைஞ்சிபூடும் அத்தா, அப்புறம் பள்ளிக்கு என்ன தவழ்ந்தா போவீங்க?" என்று கேட்டேன். மற்ற நாளாக இருந்தால் செருப்பைத் தூக்கிக் காட்டியிருப்பார். இந்தத் தடவை குனிந்து என் காலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. நம் அத்தா, குப்பத்து மாதா கோயில் உபதேசியார் துரைராஜ், சேரி பஜனைக் கூடத்துக் கபாலி தாசர், மூன்று பேரும் சேர்ந்து மனு எழுதுகிறார்கள். உபதேசியாரின் குப்பத்தில் ஒரு பையன் போன வருஷம் ஸ்டேஷனுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. தாசரின் மருமகன் திரும்பினான், வலது கை இல்லாத மாதிரிதான். இப்போது நம் பள்ளிவாசலின் முறை. மாமா எப்படிச் செத்தார் என்று போலீஸ் அல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டுமாம். அதோடு ஸ்டேஷன் கொட்டடிகளை ஊராரில் சிலர் முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்க உரிமை வேண்டுமாம். ஜெயிலுக்கு விசிட்டர் உண்டு, கொட்டடிக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். பக்திக்காரர் மூவர் லத்திக்காரரிடம் கணக்குக் கேட்கப் போகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியலில் நீ டூட்டி முடிந்து வந்து கிணற்றடியில் வாளி வாளியாக இறைத்துக் கையில் ஊற்றிக்கொண்டே நின்றாய். அம்மா "இன்னாடா?" என்றதற்குத் தூக்கம் வருது என்றாய். ஜும்மாவுக்கு வரவில்லை. சந்தூக்குக்குத் தோள் கொடுக்கவும் வரவில்லை. உன்னைப் போலீஸில் சேர்க்கத் தன் ஜட்காவில் மாலை கட்டிக் கொண்டுபோனவர் சர்தார் மாமா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

உன் சிவப்புத் தலைப்பாகையில் கட்டெறும்பு விட்ட தங்கை,
வஜீஹா


மயிலாப்பூர்,
செப்டம்பர் 1931.

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம், அவர்தான் உன் பேனாவைத் திருடியவர் மாதிரி.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரிய ஆபீசில் ஒரு குமாஸ்தா, "மூணு மதமும் சேந்து வந்துகீறீங்க, மழை வேணும்னா சாமியாண்ட கேளுங்க" என்றாராம். அதற்குக் கபாலி தாசர், "சாமியாண்ட கேட்டாச்சு நைனா. சாமிதான் உங்களாண்ட அனுப்பிச்சு" என்றாராம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். மனுவைப் பார்த்தார்களே தவிர மனுஷரைப் பார்க்கவில்லை என்று அத்தா சொன்னார். பார், எனக்கு இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று.

பிறகு வக்கீல் கல்யாணராமன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே தாசர் படி ஏறக் கூடாதாம். அவர் ஏறாத படியில் நாங்களும் ஏறமாட்டோம் என்று அத்தாவும் உபதேசியாரும் வெயிலிலேயே நின்றுவிட்டார்கள். வக்கீல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து உட்கார்ந்தாராம். நல்லவர்தான், படி அளவுக்கு. "பார்த்தவா யாராவது உண்டோ சாயபு? பார்த்தவா வந்து சொல்லலேன்னா கேஸ் நிக்காது" என்றாராம். எல்லாரும் அத்தாவைப் பார்த்தார்கள். அத்தா தரையைப் பார்த்தார்.

அன்று மாலையே சப்-இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்தார். தனியாக, யூனிபாரம் இல்லாமல். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். உன் மேல் அவருக்கு ரொம்பப் பிரியமாம். வேலூர் முடிந்ததும் ஹெட் கான்ஸ்டபிள் ஆக்கிவிடலாமாம். அந்த வியாழக்கிழமை ராத்திரி நீதான் பாராவாம். எதுவும் நடக்கவில்லை என்று நீ வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம். மகன் சொன்னதற்கு மாறாக அப்பா சொன்னால் பையன் கதி என்ன ஆகும் என்று வருத்தப்பட்டார்.

பாரா என்றால் காவல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன் அண்ணா. பாராமல் நிற்பது என்றும் ஒரு பொருள் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் கொடுத்த நன்னாரி சர்பத்தில் ஒரு பிடி உப்பைப் போட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் அல்லவா, நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். துப்புவார், நாம் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் முகம் மாறாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். "உங்க வூட்டு உப்பையும் துன்னாச்சு ஹஸ்ரத். இனிமே நாம ஒண்ணுதானே?" என்று சிரித்துக்கொண்டே போனார். என் வாழ்நாளில் நான் செய்த குறும்புகளில் திருப்பி என்னையே கடித்தது இது ஒன்றுதான்.

மறுநாள் ஜைதூன் மாமி வந்தாள். புருஷனை இழந்து இத்தா இருக்கிற பெண் வெளியே வரக் கூடாதென்று அம்மா பதறினாள். மாமி கேட்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்று அத்தாவிடம், "முகத்த மட்டும் காட்டினீங்களே ஹஸ்ரத். மீதியை எதுக்கு மூடினீங்க?" என்றாள். மையித்தின் குறையை மறைப்பவனை அல்லாஹ் மன்னிப்பான், அதனால்தான் என்றார் அத்தா. மாமி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவருக்குக் குறை இருந்தா மூடுங்க. அது அவர் செஞ்சதா? எவன் செஞ்சதை எவனுக்காக மூடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அத்தா இரவுச் சோற்றைத் தொடவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வந்து, கோர்ட்டில் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் உன் பெயரைத்தான் சொல்லி அழுதாள். அத்தாவும் உன் பெயரைத்தான் சொன்னார், அழாமல்.

பதில் போடு. ஒரு வரி போதும். திட்டியாவது.

வஜீஹா


மயிலாப்பூர்,
அக்டோபர் 1931.

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் அத்தாவுக்குத் தெரிந்தே எழுதுகிறேன். விளையாட்டு எதுவும் இதில் அதிகம் இருக்காது. இருந்தால் அது பழக்கதோஷம்.

மனுவுக்குப் பதில் வந்தது. 'கவனிக்கப்படும்' என்று ஒரே சொல். அதன் பிறகு கவனிப்பு நன்றாகவே நடந்தது. பஜனைக் கூடத்தில் சோதனை என்று நுழைந்து மத்தளத்தைக் கிழித்தார்கள். ஞானோபதேசத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி உபதேசியாருக்கு மேலிடத்திலிருந்து சொல் வந்தது. நம் பள்ளிவாசல் ஜமாஅத்திலும் இரண்டு பேர், மகன் சாப்பாட்டில் அப்பாவே மண் போடுவாரா என்று அத்தாவின் காதுபடப் பேசினார்கள்.

கொட்டடியைப் பார்க்க உரிமை கொடுக்காவிட்டால் என்ன, கேட்க உரிமை வேண்டியதில்லையே என்று உபதேசியார் சொன்னாராம். அன்றிலிருந்து அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் மூன்று பேரும் பனைமரத்து ஸ்டேஷன் வாசலுக்குப் போகிறார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. பாராக்காரரிடம், "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். முதல் நாள், "போங்க ஹஸ்ரத், வேலை கீது" என்றாராம். இரண்டாம் நாள் லத்தியைக் காட்டினாராம். பிறகு ஒரு நாள் பாராக்காரர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், "நான் கீறேன் நைனா! மந்தைவெளி தேவானை மவன்! எங்க ஆத்தாகிட்ட சொல்லுங்க!" என்று கத்தியதாம். கபாலி தாசர் அங்கிருந்து நேரே மந்தைவெளிக்கு நடந்து போய்ச் சொன்னார். அந்தப் பையன் மறுநாள் உயிரோடு வெளியே வந்தான். அதிலிருந்து உள்ளே இருப்பவர்கள் சாயங்காலம் ஆனால் காத்திருக்கிறார்களாம், பெயர் சொல்ல.

இனி கோர்ட்டு. அத்தா சாட்சி சொல்ல ஒப்பியதும் வக்கீல் கல்யாணராமன் கேஸ் போட்டுவிட்டார். நான் போகவில்லை. உபதேசியார் நம் வீட்டில் வந்து நடித்தே காட்டினார். நடித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, என்ன பார்த்தீர் என்று கேட்டார்கள். இரண்டு உள்ளங்காலும் தோல் கிழிந்து, ஊதி, கறுத்திருந்தன என்று அத்தா சொன்னார். வண்டியிலிருந்து விழுந்தவனுக்கு உள்ளங்காலிலா அடிபடும் என்று வக்கீல் கல்யாணராமன் கேட்டாராம். அந்தக் காலில் தண்ணீர் ஊற்றியபோது தன் காலைத் தான் இழுத்துக்கொண்டதாக அத்தா சொன்னாராம். குதிரையின் காலுக்காகப் பேசிய மனிதர் நம் மாமா, அண்ணா. ஒளு செய்யும்போது நான் அத்தாவைக் கேலி செய்தேனே, அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கு மரத்துப்போகிறது.

பிறகு போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். அந்த இரவு வாசலில் நின்றவன் உங்கள் சொந்த மகன், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், மகன் பொய்யனா நீங்கள் பொய்யரா என்று கேட்டாராம். விசிறி இழுக்கிறவர்கூடக் கயிற்றை விட்டுவிட்டார் என்கிறார் உபதேசியார். கடைசியில் அத்தா சொன்னது இதுதான்: "என் மகன் என்ன பார்த்தான்னு எனக்குத் தெரியாது. நான் கழுவின கால் எனக்குத் தெரியும்."

மற்ற போலீஸ்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடிவிட்டார்கள். இனி நீ ஒருவன்தான் பாக்கி. அடுத்த மாதம் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டிருக்கிறார். நீயும் எழுதிக் கொடுத்ததையே சொன்னால் அத்தா பொய்ச் சாட்சி சொன்ன இமாம். மாமா குடித்துவிட்டு விழுந்தவர். ஸ்டேஷன் வாசலில் கேட்கிற மூன்று பேரும் பைத்தியக்காரர்கள். மாற்றிச் சொன்னால் உன் வேலை போகும். வேலையோடு போகுமா என்றும் தெரியவில்லை. அதனால்தான் அம்மா இராத்திரியில் உட்கார்ந்தே இருமுகிறாள்.

அத்தா உனக்காகத் துஆ கேட்கிறார். வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கவில்லை, தண்டிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. "என் பிள்ளைக்கு அவன் நாக்கைத் திருப்பிக் கொடு" என்கிறார். எனக்கு வாய் அதிகம் என்று நீதானே எப்போதும் சொல்வாய்? பிய்த்து இந்தக் கவரில் வைக்க முடிந்தால் பாதியை அனுப்பியிருப்பேன். ஒட்டுப்பசைகூட வாங்கியாயிற்று.

உன்னிடம் என்ன எழுதட்டும் என்று அத்தாவைக் கேட்டேன். சலாம் எழுது என்றார். வேறே என்றேன். வேறே ஒன்றும் இல்லை என்று பள்ளிக்குக் கிளம்பியவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்க போய் தெனம் கேக்கறோமே, அதையே எழுதேன்" என்றார்.

எழுதிவிட்டேன். வேலூர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. உன்னையும் எதிலோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிகிறது. நான் வெளியேதான் நிற்கிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

உள்ளே யார் இருக்கிறார்கள், அண்ணா? பெயரைச் சொல். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்கிறேன்.

அல்லாஹ் உன் காலைச் சுகமாக வைக்கட்டும். அது உன்னை வீட்டுக்குக் கொண்டுவரட்டும்.

தங்கை,
வஜீஹா