வங்கிக் கட்டடத்துச் சிங்கம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முட்டிவலியும் மூன்றாம் கடை மூக்குக்கண்ணாடிக்காரரின் வாயும் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். உன் மனைவி, பிள்ளைகள் சுகமா? ஃபோன் செய்யலாமே என்பாய். ஃபோனில் என்னை ஒரு வாக்கியமாவது நீ முடிக்க விட்டிருக்கிறாயா? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

சரி, நீயே ஜெயித்தாய். அப்பாவின் கட்டடத்தை விற்க எனக்குச் சம்மதம். ஓட்டல் நிறுவனத்துக்காரர்கள் நேற்று வந்தார்கள். ஊருக்கு நடுவில் இப்படி ஒரு முனைக் கட்டடம் இனிக் கிடைக்காது என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. அப்பா இருந்தபோது வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக்காட்டுவாரே, அப்படியே நானும் காட்டினேன். "இது வங்கியோட பெட்டக அறை, சுவர் எவ்ளோ தடிமன் பாருங்க. இந்த இரும்பு வளையமெல்லாம் காவல்காரங்க சங்கிலி மாட்ட. ஏழு கடையும் ஒரே அகலம், ஏன்னா ஏழும் பணம் கட்டுற கவுன்டர்." ஓட்டலுக்கு 'பழைய வங்கி' என்றே பெயர் வைக்கிறார்களாம். வரவேற்பறையில் அப்பா படம் மாட்டுவார்களாம். கடைக்காரர்களுக்கும் பின் தெருவில் இடம் தருகிறார்கள். இதையெல்லாம் கேட்டுத்தான் இறங்கி வந்தேன்.

புகைப்படம் எடுக்க மறுபடி வருவார்கள். வாசலுக்கு மேலே சுவர் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பூச்சைச் சுரண்ட ஆள் சொல்லியிருக்கிறேன். உள்ளே வங்கியின் சிங்கம் இருக்கிறது, நமக்கு முன்னால் இருந்த எவனோ ஒரு முட்டாள் பூசிவிட்டான் என்று அப்பா சொல்வார் இல்லையா? சிங்கம் வெளியே வந்தால் படம் எடுப்பாக இருக்கும். இது முழுக்க என் யோசனை, நீ பங்குக்கு வராதே.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

'சம்மதம்' என்று எழுதியிருப்பது உன் கையெழுத்துதானா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். குழாய் உடைந்தால் இன்னும் நீதான் ஏணி வைத்து ஏறுகிறாயாம், நம் கடைத் தையல்காரம்மா சொன்னார்கள். இனிமேலாவது கீழே இறங்கு.

இந்த ஊரில் நான் யார் யார் கட்டடத்தையோ விற்றுக்கொடுக்கிறேன். வாங்குகிறவர்களிடம் பேசும்போது நடுவில் எப்படியாவது நம் கட்டடத்தை இழுத்துவிடுவேன். "எங்க வீட்டுதே ஒரு வங்கிக் கட்டடம்தான்" என்று சொன்னால் ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். சிங்கத்தின் படத்தை உடனே அனுப்பு. அலுவலகத்தில் என் மேசைக்கு மேலே மாட்டப் போகிறேன்.

உன் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். சிங்கம் இல்லை, குதிரை.

மேஸ்திரி சாரம் கட்டி ஏறினார். கடைக்காரர்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். முதலில் காது வந்தது. "சிங்கத்துக்குக் காது இவ்ளோ நீட்டா இருக்குமாக்கா?" என்றாள் தையல்காரம்மா. "பழைய காலத்துச் சிங்கம், அப்படித்தான் இருக்கும்" என்றேன். அப்புறம் நெற்றி. அப்புறம் மூக்கு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்காரர் உள்ளே போய் ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, "இதப் போட்டுப் பாருங்க, சிங்கமாத் தெரியுதான்னு" என்று என்னிடம் நீட்டினார். அந்த மனிதருக்கு வாடகையை ஏற்றாமல் விடமாட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக உறைத்தது. வளையங்கள் குதிரை கட்டுவதற்கு. எல்லாக் கடையும் ஒரே அகலம், ஏனென்றால் எல்லாமே குதிரை நிற்கிற தடுப்பு. பெட்டக அறையில் தீனி மூட்டை அடுக்கியிருப்பார்கள். கடைகளின் தரைக்கு அடியில் வாய்க்கால் ஓடுகிறதே, வங்கிக்கு எதற்கடா வாய்க்கால் என்று நமக்கு ஒரு நாளாவது தோன்றியதா? அப்பா நம் காதில் பூச்சுற்றியிருக்கிறார். நாமும் அந்தப் பூவோடு ஊரெல்லாம் நிமிர்ந்து நடந்திருக்கிறோம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. குதிரை முகத்தைச் சாக்கால் மூடிவிட்டு, மழை என்று சாக்குச் சொல்லிப் புகைப்படத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வதென்று எழுது.

உன் அக்கா

மார்ச் 29

அக்கா,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பூசிவிடு. மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. அவர்கள் வாங்க வந்திருப்பது வங்கியை. லாயத்தை வாங்கி யாராவது ஓட்டல் கட்டுவார்களா? கையெழுத்தாகும்வரை யாரிடமும் வாயைத் திறக்காதே. முக்கியமாகக் கண்ணாடிக்காரரை உள்ளே வைத்துப் பூட்டு.

இங்கே என் மாமனார் எந்த விருந்துக்குப் போனாலும் "மாப்பிள்ளை வங்கிக் கட்டடத்துக்காரர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். விஷயம் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். பொய் சொன்ன அப்பாமேல் வருத்தம். நன்றாக இருந்ததைச் சுரண்டிய உன்மேலும் வருத்தம்தான், மறைக்க மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மேஸ்திரியைக் கூப்பிடத்தான் கிளம்பினேன். கிளம்பியவள், அதற்கு முன்னால் சித்தப்பாவைக் கேட்டுவிடலாம் என்று அவரை அழைத்து வந்தேன். அப்பாவோடு ஒன்றாக வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. சாக்கை விலக்கினேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், கண் நிறைந்துவிட்டது.

"பூசுனது உங்கப்பாதாம்மா" என்றார். "வாங்குன அன்னிக்கே ஏணி போட்டு ஏறி, தன் கையாலயே பூசுனாரு. உங்க தாத்தா இங்க குதிரை கழுவிட்டிருந்தாரு. கழுவுற தண்ணிய அந்த வாய்க்கால்ல தள்ளி விடுறது எனக்கும் அண்ணனுக்கும் வேலை. பள்ளிக்கூடத்துல எங்க பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான், குதிரை நாத்தம் அடிக்குதும்பான். நான் அழுவேன். அண்ணன் அழ மாட்டாரு. 'அந்த எடத்தையே வாங்கிக் காட்டுறேன் பாருடா'ன்னாரு. வாங்கியும் காட்டினாரு. ஆனா வாங்கினப்புறம் அத வாய்விட்டுச் சொல்ல அவரால முடியல."

தம்பி, இத்தனை வருடம் வங்கி வங்கி என்று பீற்றிக்கொண்டோமே, அது ஒரு பெருமையா? பணம் உள்ளவன் எவனும் ஒரு வங்கியை வாங்கலாம். தன் அப்பா குதிரை கழுவிய இடத்தை விலைக்கு வாங்கி, அங்கே ஏழு குடும்பங்களைக் கடை வைக்கச் செய்தவருக்கு நாம் பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறோம். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. நம்மிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அழுகையும் வருகிறது.

நிறுவனத்து ஆள் நேற்று வந்து பார்த்துவிட்டார். "மூடிருங்கம்மா, நாங்க எதையும் பாக்கல. இது இப்படியே இருந்தா எங்களுக்கு வேணாம்" என்கிறார். கட்டடத்தில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நான் கொடுத்த வாக்கை மீறமாட்டேன். விற்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த முகத்தை இன்னொரு முறை பூசுவதென்றால் நீ நேரில் வந்து உன் கையால் பூசு. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, உனக்குத் தெரியுமோ என்னவோ. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா வாசலில் என்னை நிறுத்தி, குனிந்து என் சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பார். தினமும் பார்ப்பார். துவைத்த சட்டைதான், இருந்தாலும் பார்ப்பார். "போதும் விடுங்கப்பா" என்று நான் எரிந்து விழுவேன். 'சரி, போ' என்று முதுகில் தட்டி அனுப்புவார். எதற்காக முகர்ந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் அக்கா.

மாமனாரிடம் நானே சொல்லிவிட்டேன், வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ, நான் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்லி முடிக்கிற அவசரம்.

நிறுவனத்துக்கும் நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். கட்டடம் விற்பனைக்கு இல்லை என்று ஒரே வரி. வருகிற வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவர்களுக்கு எழுதியதில் கீழே எப்படிக் கையெழுத்துப் போட்டேனோ, அப்படியே உனக்கும் போடுகிறேன்.

இப்படிக்கு,
குதிரை கழுவியவரின் பேரன்