வெள்ளி போய்த் திங்கள் திரும்பும் பை

பிப்ரவரி 2, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களிடம் மருந்து கொடுக்க நான் வந்த இடத்தில், விளையாட்டுப் பள்ளி வாசலில் நாம் போட்ட சத்தத்துக்குப் பிறகு, டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் நேர்லயும் பேச வேணாம், போன்லயும் பேச வேணாம். பிள்ளை பயப்படுது. சொல்ல வேண்டியதை எழுதிப் பையில வச்சிடுங்க." வெள்ளிக்கிழமை காலை அவள் என் வீட்டிலிருந்து வந்து மாலையில் உங்களோடு போகிறாள். திங்கள் காலை உங்களிடமிருந்து வந்து மாலையில் என்னோடு போகிறாள். நம் முகம் தேவையில்லை, பை போதும். பக்கவாட்டு ஜிப்பில் பாருங்கள்.

இருமல் மருந்து காலையும் மாலையும் இரண்டரை மில்லி. துப்பினால் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

முக்கியமான விஷயம் பால் புட்டி. மூன்றரை வயதாகிறது, முன்பல் இரண்டும் கறுக்கத் தொடங்கிவிட்டன, புட்டி கூடவே கூடாது என்று பல் டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். "அப்பா வீட்ல தர்றாங்க, நீ மட்டும் ஏன் தர மாட்டேங்குற?" என்று என்னைக் கேட்கிறாள். வாரத்தில் மூன்று நாள் செல்லம் கொடுத்து நல்ல பேர் வாங்குவது சுலபம். மீதி நாலு நாளும் நான்தான் வில்லியாக நிற்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 5, திங்கள்

வாண்டுவின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் கொதித்துவிட்டது. பிறகு யோசித்தேன். என்னிடம் அவள் சொன்னது வேறு கதை: "அம்மா வீட்ல தினமும் புட்டிதான்." நீங்களே தரும்போது நிறுத்த நான் யார் என்றுதான் கலக்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவளை மேசைமேல் உட்காரவைத்து விசாரணை நடத்தினேன்.

"அம்மா நிஜமாவே புட்டி தர்றாங்களா?"

"தர்றாங்க."

"அப்ப நான் லெட்டர் எழுதிக் கேக்கட்டுமா?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்கப்பா. கை வலிக்கும்."

நம் இருவர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறாள். இன்னும் சில சந்தேகங்கள் உண்டு. அம்மா வீட்டில் தலைக்குக் குளிப்பதே கிடையாதாம். ஷூவுக்குள் சாக்ஸ் தேவையில்லையாம். முட்டையில் மஞ்சள் கருவைத் தொட வேண்டியதில்லையாம். இதெல்லாம் உங்கள் சட்டமா, அவள் சட்டமா என்று எழுதவும்.

ஒரு வார்த்தை விசாரிக்காமல் நான் ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். மறுத்தால் "அம்மா வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். மருந்து துப்பவில்லை.

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா


பிப்ரவரி 9, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

என்னைப் போய் 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வரி நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. பழையபடியே எழுதலாம்.

லேபில் டீ நேரத்தில்தான் படித்தேன். 'கை வலிக்கும்' வந்த இடத்தில் வாயிலிருந்த டீ ஒருவருடைய சர்க்கரை ரிப்போர்ட் மேல் தெறித்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி "என்ன, லவ் லெட்டரா?" என்றாள். இருமல் மருந்து விவரம் என்று சொன்னேன்.

உண்மையை ஒத்துக்கொள்கிறேன். நானும் புட்டி கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் மறுப்பேன், மூன்றாம் நாள் விழுந்துவிடுவேன். பயம் உங்களுக்கு மட்டுமா? நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறேன். அத்தனையும் என்னைப் பார்த்து அலறுகின்றன. மாலையில் ஒரு பிள்ளையாவது என்னைப் பார்த்து ஓடிவர வேண்டாமா? திங்கள் முதல் இங்கே டம்ளர்தான். மூன்று நாள் அழுகை, நேற்று பாதி குடித்தாள். நீங்கள் இளகிவிடாதீர்கள். தலைக் குளியலும் சாக்ஸும் அவள் கட்டிவிட்ட கதை. மஞ்சள் கரு மட்டும் என் சட்டம். எனக்கே பிடிக்காததை அவளுக்கு எப்படி ஊட்டுவது?

பெரிய பள்ளியில் சேர்க்கைப் படிவம் வாங்கிவிட்டேன். மார்ச் நாலு கடைசித் தேதி. 'குழந்தை வசிக்கும் முகவரி' என்று ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். பள்ளி வேன் அந்த முகவரிக்குத்தான் வருமாம். இரண்டு எழுதலாமா என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் "எங்க தூங்கி எந்திரிக்குதோ அதை எழுதுங்கம்மா" என்றார். படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளி நாட்களில் ஒரே வீடாக இருப்பதுதான் நல்லது என்று டீச்சரம்மாவும் சொல்கிறார். உங்கள் யோசனை என்ன?

வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 12, திங்கள்

வாண்டு அம்மா,

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

என் அறையிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தே ஐந்து நிமிடம். உன் வீட்டிலிருந்து வேனில் முக்கால் மணி நேரம். உனக்கு ஆறரைக்கு டியூட்டி. ஐந்தரைக்கே அவளைத் தூக்கக் கலக்கத்தோடு பக்கத்து வீட்டு அக்காவிடம் போட்டுவிட்டு ஓடுகிறாய். அங்கே சோபாவில் ஷூவோடு தூங்குகிறாளாம். அவளே சொன்னாள், இது பொய்யாக இருக்காது. எனக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. அதனால் பள்ளி நாட்களில் என்னிடம் இருக்கட்டும். சனியும் ஞாயிறும் உன்னிடம்.

அறை சின்னதுதான், ஆனால் நீ பயப்படுகிற மாதிரி இல்லை. ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. குளியலறைக் கதவில் அவள் உயரத்துக்கு ஒரு கொக்கி அடித்திருக்கிறேன், துண்டை அவளே மாட்டுகிறாள். லிஃப்ட் பழுது பார்க்கிற என் வேலைக்கான ஸ்பேனர், திருப்புளி எல்லாம் அலமாரி உச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

டம்ளரைப் பார்த்துச் சனிக்கிழமை அழுதாள், ஞாயிறு குடித்தாள். நான் இளகவில்லை. கிட்டத்தட்ட.

வாண்டு அப்பா


பிப்ரவரி 16, வெள்ளி

வாண்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் தப்பு கண்டுபிடிக்க நாலு நாள் முயன்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஷூ விஷயம் நிஜம். காலையில் ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று தூங்குகிறவளுக்கே மாட்டிவிடுகிறேன். அதை நீங்கள் எழுதி நான் படித்தபோதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

அவள் இல்லாத நாட்களில் இந்த வீட்டில் நான் என்ன செய்கிறேன் தெரியுமா? குளிக்கும்போது கதவை இப்போதும் முழுசாகச் சாத்துவதில்லை, அழுதால் கேட்க வேண்டுமே என்று. அழ ஆளில்லை. போன சனிக்கிழமை கடை வரிசையில் நின்றபடியே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தேன், இடுப்பில் பிள்ளை இல்லாமலே. பின்னால் நின்ற அம்மாள் "உனக்கு எத்தனை மாசக் குழந்தை?" என்று கேட்டார். மூன்றரை வயது என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை.

இது மூன்று நாளைக்கே. ஐந்து நாள் என்றால் எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. ஆனால் என் பிள்ளை ஷூவோடு தூங்கக் கூடாது. உங்கள் முகவரியையே எழுதுங்கள். இதோடு வைத்திருக்கும் படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த ஒரு கோட்டை மட்டும் என் கையால் எழுத முடியவில்லை.

அம்மா


பிப்ரவரி 23, வெள்ளி

வாண்டு அப்பாவுக்கு,

திங்கட்கிழமை பையில் கடிதம் இல்லை. பக்கவாட்டு ஜிப், உள் ஜிப், டிபன் பெட்டி எல்லாம் பார்த்தேன். மாற்று உடையைக்கூட உதறிப் பார்த்தேன்.

"அப்பா லெட்டர் தரலையா?" என்று அவளிடம் கேட்டேன்.

"அப்பா எழுதினாங்க. கிழிச்சாங்க. எழுதினாங்க. கிழிச்சாங்க."

இதுவும் அவள் கட்டிவிட்ட கதையா என்று தெரியவில்லை. படிவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அது மெதுவாக வரட்டும். எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். இருமல் நின்றுவிட்டது என்றாவது எழுதுங்கள்.

நான்


பிப்ரவரி 26, திங்கள்

அன்புள்ள வாண்டு அம்மா,

இருமல் நின்றுவிட்டது. அவள் சொன்னது கதையில்லை, நாலு தாள் கிழித்தேன்.

படிவம் இதோடு இருக்கிறது. உன் முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன். பேனாவை எடுத்து என் அறை முகவரியை எழுதப் போனால், கடை வரிசையில் நீ ஆடிக்கொண்டு நிற்பதுதான் கண்ணுக்குள் வருகிறது. என்னால் முடியாது. அதற்குப் பதிலாக, பள்ளி தொடங்கியதும் தினமும் காலை ஐந்தரைக்கு உன் வாசலில் இருப்பேன். நீ டியூட்டிக்குக் கிளம்பு. அவள் தூங்கட்டும். எழுப்பி, பல் தேய்த்து, வேனில் ஏற்றிவிட்டு நான் வேலைக்குப் போகிறேன்.

இதுவரை எழுதியது பிள்ளைக்காக. இனி எழுதுவது எனக்காக.

நாம் எதற்கெல்லாம் சண்டை போட்டோம் என்று உட்கார்ந்து யோசித்தேன். புட்டியை வெந்நீரில் போட மறந்தது, கட்டில்மேல் ஈரத் துண்டு, நீ தூங்கவைத்த பிள்ளையை நான் தும்மி எழுப்பியது. இதற்கா இரண்டு வருடம் தனித்தனி வீடு? அவளுக்கு ஒன்றரை வயதாகும்வரை நாம் இருவரும் ஒழுங்காகத் தூங்கவே இல்லை. தூக்கமில்லாத இரண்டு பேர் எடுத்த முடிவில்தான் இன்னும் இருக்கிறோம்.

என் தப்பு ஒன்று பெரியது. ஊரில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் ஓடிப்போய் இறக்கிவிட்டேன். பிள்ளையோடு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நீ கூப்பிட்டபோது, "வேலையா இருக்கேன், அப்புறம் பேசு" என்று போனை வைத்தேன். ஒரு நாள் இல்லை, தினமும். அதற்கு மன்னிப்பு கேட்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

வாண்டு போன பிறகு அறையில் இருக்க முடியாமல் தவிப்பது அவளுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கும்போதே என் கை பக்கவாட்டு ஜிப்பைத் திறக்கிறது. எனக்கு உன்னைத் தேடுகிறது. வீட்டுக்கு வரட்டுமா?

உன்
வாண்டு அப்பா


மார்ச் 1, வெள்ளி

ஏங்க,

படிவத்தை நேற்றே கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு நாளாக லேப் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எனக்கும் தேடுகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. கடிதம் எழுதுகிற ஆள் நல்லவர். கேட்டதற்குப் பதில் சொல்கிறார், தப்பை ஒத்துக்கொள்கிறார், சிரிக்க வைக்கிறார். வீட்டில் இருந்த ஆள் வேறு, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நானும் அப்படித்தான். கடிதத்தில் எழுதுகிறவள் வீட்டில் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை, கத்தத்தான் செய்தாள். கதவைத் திறந்தால் இந்த நாலு பேரில் எந்த இரண்டு பேர் உள்ளே இருக்கப்போகிறோம் என்று தெரியவில்லை. அதனால் 'வாருங்கள்' என்று எழுதத் தைரியம் இல்லை. 'வேண்டாம்' என்று எழுதிப் பார்த்தேன், நானும் ஒரு தாள் கிழித்தேன்.

ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு மாலை அவளை உங்கள் அறைக்குக் கூட்டிப் போக வேண்டாம், இங்கே கூட்டி வாருங்கள். நம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாப்பாடு மூடி வைத்திருப்பேன். அவளுக்கு ஊட்டிவிடுங்கள், குளிப்பாட்டுங்கள், கதை சொல்லுங்கள். நான் உள்ளறையில் படுத்திருப்பேன். அவள் அழுதால் நீங்களே பாருங்கள், அடம் பிடித்தாலும் நீங்களே பாருங்கள். கம்பெனியிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கூடாது. என்னை எழுப்பக் கூடாது.

அவள் பிறந்ததிலிருந்து ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேதான் தூங்குகிறேன். அவள் உங்களிடம் இருக்கும் நாட்களில்கூட அந்தக் காது மூடுவதில்லை. வெளியே நீங்கள் இருக்கிறீர்கள், பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்பி ஒரு தடவை முழுசாகத் தூங்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தூக்கம் வருகிறதா என்று தெரிந்தால் போதும், மற்ற பதிலெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

நான் எப்போது எழுந்து வருவேன் என்று தெரியாது. அதுவரை இருங்கள்.

நான்