மட்டக்கம்பின் நீளம்

குன்னூர் வீட்டைக் காலி செய்தபோது பீரோவுக்குப் பின்னாலிருந்து உன் மட்டக்கம்பு விழுந்தது, அம்மா. தேயிலைச் செடியின் தலைமேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவதற்கான கம்பு. நீ பிடித்த இடம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது.

இலங்கையில் கலவரத்தின்போது, தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்த அன்று, ஒருவன் உன் இடப்பக்கமாக வந்து தோளில் வெட்டினான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் இருந்தபோதே காயம் ஆறிவிட்டது. ஆனால் குன்னூர் மலைக்கு வந்து கொழுந்தெடுக்கத் தொடங்கிய பிறகும், கம்பின் நீளத்துக்குள் இடப்பக்கம் யார் வந்தாலும் உன் கை கம்பை ஓங்கிவிடும். ஒருநாள் பள்ளிவிட்டு ஓடிவந்து இடப்பக்கமாக உன்னைக் கட்டிக்கொண்டேன். கம்பு என் நெற்றியில் விழுந்தது. அடித்தது யாரோ என்பதுபோல நீ அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“சத்தம் குடுத்துட்டு வா புள்ள. நான் வான்னு சொன்ன பொறவு வா” என்றாய்.

அன்றிலிருந்து வாசலில் நின்று “நாந்தாம்மா” என்பேன். பக்கத்து வீட்டு அக்கா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். “ஏனுங்க, பெத்த புள்ள ஊட்டுக்குள்ள வாரதுக்கும் பாஸ்போர்ட்டுங்களா?” என்று கேலி செய்தார். நீயும் சிரித்தாய். வழக்கம் மட்டும் மாறவில்லை.

பின்னாளில் கல்லூரியில் இதையே பாடமாக நடத்தினேன். உடலைச் சுற்றியுள்ள இடத்தையும் மூளை வரைந்து வைத்திருக்கிறது. கையில் கம்பிருந்தால் அந்த வரைபடம் கம்பின் நுனிவரை நீளும். பேரச்சத்துக்குப் பின் அது விரிந்தே நின்றுவிடலாம், நாளடைவில் சுருங்கவும் செய்யலாம். இரண்டு ‘லாம்’களையும் அழுத்தியே சொல்வேன். உன்னிடம் அது சுருங்கியதை நான் பார்க்கவில்லை.

கடைசி நாள் மருத்துவமனையில், வலப்பக்கம் சுவர் என்பதால், உன் இடப்பக்கம் நின்று “நாந்தாம்மா” என்றேன். நீ கண் திறக்கவில்லை.

“கையப் புடிச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாதுங்க” என்றாள் நர்ஸ்.

உன் கையில் கம்பில்லை, ஓங்கத் தெம்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் நீ “வா” என்று சொல்லட்டும் என்று நின்றேன். நர்ஸ் திரும்பி வந்து போர்வையை உன் முகத்துக்கு மேல் இழுத்து மூடும்வரை, கம்பு நீளம் தள்ளியே நின்றிருந்தேன்.

கம்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் தனியாக இருக்கும் வீடு. பூட்டைத் திறந்ததும் “நாந்தாம்மா” என்கிறேன். சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.