வலைக்குள் பிடித்த இருபது

அன்புள்ள உருண்டையின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று தொடங்கப் பார்த்தேன், கை ஓடவில்லை. நம் உருண்டைப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பதறாதீர்கள், பால் குடிக்கிறாள். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு நாளை வரும். வீட்டில் கொசுவலை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றேன். கட்டியிருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் முன்பு, கொசுமருந்து சோதிக்கும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு உயிரோடு இருபது கொசு அனுப்பினேனே. டப்பாவில் ஈரப்பஞ்சு வைப்பதைப் பார்த்து எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, "புருஷனுக்குப் பலகாரம் அனுப்புறவளப் பாத்திருக்கேன், கொசு அனுப்புறவள இப்பதான் பாக்குறேன்" என்றாள். மருந்து தடவிய தாளோடு ஒரு மணி நேரம் அடைத்து வைத்தும் பதினேழு சாகவில்லை என்று எழுதினீர்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் மாறிய மரபணு வந்துவிட்டால் மருந்துக்கு நரம்பில் பிடி கிடைக்காது, நம் வலை நூலில் ஊறியிருப்பதும் அதே மருந்துதான் என்றீர்கள்.

உருண்டை வலையைச் சப்பிக்கொண்டே இருந்தாள். சாகாத கொசுவுக்காகப் பிள்ளை ஏன் மருந்தைத் தின்ன வேண்டும், ஜன்னலைச் சாத்தினால் போதாதா என்று கழற்றிவிட்டேன். நீங்கள் கழற்றச் சொல்லவில்லை. நானாகத்தான். மூன்று வாரம் ஆகிறது.

இன்று காலை பெருக்கும்போது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. வலை இருந்தவரை தொட்டிலைச் சுற்றித் தினமும் செத்த கொசு பத்துப் பதினைந்தாவது துடைப்பத்தில் வரும். இப்போது ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு அனுப்பிய இருபதும் வலைக்குள் பிடித்தவை. வலையின் மருந்துக்குத் தப்பி உள்ளே வந்து, இரத்தம் குடித்துவிட்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தன, பிடிக்க எளிது. என் பிள்ளையைக் கடித்ததே என்ற ஆத்திரம் வேறு. டப்பாச் சீட்டில் பிடித்த இடம் 'படுக்கையறை' என்று மட்டும் எழுதினேன். செத்ததையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுத் தப்பியதை மட்டும் பொறுக்கி அனுப்பியிருக்கிறேன். தேறிய பிள்ளைகளை மட்டும் எண்ணி, வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்று சொன்ன கதை.

அப்படியானால் மருந்து பலிக்கிறதா, இல்லையா? அந்தப் பதினேழும் தாங்கியது உண்மை. ஆனால் தெருவில் நூற்றுக்கு எத்தனை அப்படி? பாப்பாவைக் கடித்தது வலைக்குள் இருந்ததா, கழற்றிய பிறகு வந்ததா? கல்லூரியில் மரபியல் படித்தவள்தான் நான். உருண்டையின் காது உங்களுடையது, பிடிவாதம் என்னுடையது. அதற்குமேல் இன்று எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

என் பேச்சைக் கேட்டுத் தையல்கார அக்காவும் தன் வலையை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள். அவள் மகளுக்கும் கைக்குழந்தை. இன்று போய், வலை பலிக்கும், மறுபடி கட்டுங்கள் என்று சொன்னால், "அன்னைக்குப் பலிக்காதுன்ன, இன்னைக்குப் பலிக்கும்ங்கிற. மொதல்ல நீயும் உன் வீட்டுக்காரரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கடி" என்கிறாள். அந்தப் பதினேழை அறிக்கையில் எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தவறு என்னுடையது என்றே சொல்லுங்கள்.

வலையை மறுபடி கட்டிவிட்டேன். உள்ளே அவளோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உடம்பு இன்னும் சுடுகிறது. திட்டுவதென்றால் கடிதத்தில் திட்டாதீர்கள். வந்து திட்டுங்கள். அவள் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உருண்டையின் அம்மா