வெண்டல் ஓட்டுக் கேட்கப் போகாத வீடுகள்

ஒமாஹா,
ஆகஸ்ட் 9

வெண்டலுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நம் ஊர்ப் பத்திரிகையை என் அக்கா வீட்டுக்கு வரவழைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். என் புருஷன் ஷெரீப் தேர்தலில் நிற்கிறான் என்பதை மூன்றாம் பக்கத்தில், கன்றுக்குட்டி விற்பனை விளம்பரத்துக்குக் கீழே படித்துத் தெரிந்துகொண்டேன்.

"வருஷக் கடைசியில பேட்ஜைக் கழட்டிடறேன் நடீன், நீ முதல்ல போய் வீடு பாரு" என்று சொன்னது யார்? அதை நம்பிப் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக்கொண்டு வந்து, அக்காவின் மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். வீடும் பார்த்துவிட்டேன். இரண்டு அறை, பின்னால் ஒரு ஆப்பிள் மரம். இருபத்தேழு வருஷம் ஷெரீப்புக்குக் கீழே டெபுடிப் போலீஸாக இருந்தது உனக்குப் போதவில்லையா?

நேற்று போனில் கேட்டதற்கு ஏழு தடவை "ம்" என்றாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதனால் இனி கடிதம்தான். நீ வருகிறாயா இல்லையா?

நடீன்


ஹாரோ கவுண்டி,
ஆகஸ்ட் 20

அன்புள்ள நடீன்,

உன் கோபம் நியாயம்தான். ஷெரீப் ஹோபர்ட் நெஞ்சுவலி என்று திடீரெனத் தேர்தலிலிருந்து விலகிவிட்டார். மிச்சம் நிற்பது கைல் ஆஸ்ட்ரம் ஒருவன். டெபுடி வேலைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. பல்வரிசை நன்றாக இருக்கிறது, போஸ்டரில் பார்த்தேன். எந்த வீட்டில் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது, குடித்தால் எவன் அழுவான், எவன் அடிப்பான் என்பதெல்லாம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு தடவை ஷெரீப்பாக இருக்கிறேன், நாலு வருஷம். அப்புறம் உன் ஆப்பிள் மரத்தடிக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு சின்னக் குளறுபடி. ஊரார் உனக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். பியர்க்கி அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, மரியாதையாக இருக்கட்டுமே என்று தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தவள், "ஐயோ, எங்க டெனிஸா? சொல்லிடு வெண்டல், டெனிஸுக்கு என்ன ஆச்சு?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பிள்ளை அந்த டெனிஸ் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடி வந்து என்னை அடிக்காத குறை. தண்ணீர் கொடுத்துவிட்டு, நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அன்புடன்,
வெண்டல்


ஒமாஹா,
செப்டம்பர் 2

அட மனுஷா,

நம் கவுண்டியில் டெபுடி எப்போது தொப்பியைக் கழற்றுவான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாவுச் செய்தி சொல்ல வந்தால்தான் கழற்றுவான். அது உனக்கு மட்டும் மறந்துபோயிற்றா? இனிமேல் தொப்பியே வேண்டாம். கட்டம்போட்ட சட்டை போட்டுக்கொள். கைது பண்ண வந்தவனைப்போல் கதவுக்குப் பக்கவாட்டில் ஒளிந்து நிற்காதே. நேராக நின்று சிரி. உனக்குப் பல் தெரியச் சிரிக்க வரும், நம் கல்யாணப் போட்டோவில் இருக்கிறது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். சாலை ஓரத்திலிருந்து போதிய தூரம் தள்ளி நடவில்லை என்று உன் தேர்தல் பலகைகள் நாற்பதை நீயே பிடுங்கிப் போட்டாயாமே? கைலின் பலகைகளைத் தொடவே இல்லையாம். "அதை நான் பண்ணினா பழிவாங்கற மாதிரி இருக்கும்" என்றாயாம். உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பியர்க்கி அம்மாளைப் பற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். என் அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருஷமாக நம் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கும்போதெல்லாம் நான் ஜன்னலில் முதலில் பார்ப்பது, இறங்குகிறவன் தலையில் தொப்பி இருக்கிறதா என்றுதான். உன்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்கு இன்னொரு நாலு வருஷம் ஜன்னலில் நிற்கத் தெம்பு இல்லை வெண்டல்.

நடீன்


ஹாரோ கவுண்டி,
அக்டோபர் 10

அன்புள்ள நடீன்,

ஜன்னல் விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இப்போதும் தெரியவில்லை.

சட்டை நன்றாக வேலை செய்கிறது. தீயணைப்பு நிலையத்துப் பான்கேக் விருந்தில் நான் சுட்டவை கருகிவிட்டன. ஆனாலும் சாப்பிட்டார்கள். ஜெயிப்பேன் போலத்தான் இருக்கிறது.

ஆனால் முப்பத்தொரு வீடுகளுக்கு மட்டும் நான் போகவில்லை. அந்த வாசல்களில் நான் முன்பே ஒரு தடவை நின்றிருக்கிறேன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அங்கேயே மறுபடி போய் நின்று "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று கேட்க வாய் வரவில்லை. கைல் எல்லா வீட்டுக்கும் போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிட்டான்.

வெண்டல்


ஒமாஹா,
அக்டோபர் 17

வெண்டல்,

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உனக்காக உயிரையே கொடுக்கிறவர்கள் அந்த முப்பத்தொரு வீட்டுக்காரர்கள்தான்! லிண்ட்க்விஸ்ட் வீட்டில் பையன் போன அன்று, அவர்கள் எழுந்து நடமாடுகிறவரை நீ இருந்து மாடுகளுக்குப் பால் கறந்துவிட்டு வந்தாய். அதை அந்த அம்மாள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் தெரியுமா? நம் ஊரில் வந்து கேட்டால்தான் ஓட்டு. கேட்காதவன் தங்களை மதிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது உனக்குத் தெரியாதா?

நீ தோற்க வேண்டுமென்று ஆசைப்படுகிற நானே உனக்கு ஜெயிக்க வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்.

நடீன்


ஹாரோ கவுண்டி,
நவம்பர் 7

நடீன்,

இருபத்திரண்டு ஓட்டில் தோற்றுவிட்டேன். எண்ணி முடித்த மறுநாள் லிண்ட்க்விஸ்ட் அம்மாள் கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டாள். "கைல் வந்து கேட்டான், போட்டோம். நீ எட்டிக்கூடப் பாக்கலியே. நாங்க என்ன உனக்கு வேண்டாதவங்களா?"

ஜனவரியில் பேட்ஜைக் கொடுத்துவிடுவேன். நீ கேட்டது நடந்துவிட்டது.

வெண்டல்


ஒமாஹா,
நவம்பர் 12

அன்புள்ள வெண்டல்,

கிளம்பி வருவதற்கு முன் நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் நம் கவுண்டியில்தான் இருக்கிறது. தபால் ஓட்டு வந்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து கைலுக்குப் போட்டேன். ஒட்டி அனுப்பிவிட்டு நாள் முழுக்க அழுதேன்.

அவன் உன்னைவிட நல்ல ஷெரீப்பாக இருப்பான் என்று போடவில்லை. உன்னைவிட நல்லவன் அந்தக் கவுண்டியிலேயே கிடையாது. நீ உயிரோடு வேண்டும் என்று போட்டேன். வேறு எந்தப் பொய்யைச் சொல்லியும் உன்னோடு வாழ்ந்துவிடலாம், இதை மறைத்து வாழ முடியாது. இது தெரிந்தும் வர முடிந்தால் வா. முடியாது என்றால் நான் குறை சொல்லமாட்டேன்.

நடீன்


ஹாரோ கவுண்டி,
நவம்பர் 21

அன்புள்ள நடீன்,

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பதில் எழுத உட்கார்ந்து, நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். மனசு நொந்துதான் போயிற்று. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

ஜனவரி மூன்றாம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். ஈரல் மட்டும் சமைத்து வைக்காதே. திருடன், குடிகாரன், பாதிரியார் என்று எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். நான் கேட்காமலே ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நீதான்.

உன்
வெண்டல்